நாற்பதில் இல்லாத கேள்வி

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், இங்கே யாரும் உங்களை ஒன்றும் சொல்லமாட்டார்கள். கடல் தாண்டிக் குடிபோன ஒரு மாஸ்டரின் கதை சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் அடக்கவேண்டாம். அந்த மனுஷருக்காகப் பரிதாபப்பட வேறு ஆள் இருக்கிறது: அவரே.

வாசலில் வாடகைக் கார் இரண்டாம் முறை ஹாரன் அடித்தது. உள்ளே, துடைத்துக் காலி செய்த கூடத்தில், கயிறு கட்டிய பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த மாமியார் முப்பத்தேழாவது விடையில் சிக்கிக்கொண்டு விழித்தார்.

"மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க அத்தை," என்றார் மாஸ்டர்.

"மாப்பிள்ளை, கார் நிக்குது."

"கார் நிக்கட்டும். வாய் நிக்கக்கூடாது."

மாமியார் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். மாஸ்டரின் மனைவி பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போய்க் காரில் ஏற்றினாள்.

மாஸ்டர் யார் என்று சொல்லவில்லையே. இருபத்தெட்டு வருஷம் டியூஷன் சென்டர் நடத்தியவர். பாடம் நடத்தி யாரும் பார்த்ததில்லை. வருஷத்துக்கு வருஷம் 'வரப்போகும் வினாக்கள் நாற்பது' என்று ஒரு கைடு போடுவார். பிள்ளைகள் அதை உருப்போட வேண்டும். அந்தக் கேள்விகள் பரீட்சையில் வந்தால் அவர் தீர்க்கதரிசி. வராவிட்டால் கேள்வித்தாள் போட்டவன் முட்டாள். இருபத்தெட்டில் பதினேழு வருஷம் கேள்வித்தாள் போட்டவன் முட்டாளாகவே இருந்தான். ஊரில் அவருக்குக் 'கைடு மாஸ்டர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டார்.

கைடுகளைக் கோணி ஊசியால் தைப்பது மனைவி. விடைத்தாள் திருத்துவதும் அவள்தான். "தேறாத கேஸு" என்று மாஸ்டர் கழித்துவிட்ட பிள்ளைகளைப் பின்பக்க ஸ்டோர் ரூமில் உட்கார வைத்துக்கொள்வாள். ஒரு பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு வர மூன்று மாதம் ஆனால் மூன்று மாதமும் பக்கத்திலேயே இருப்பாள். அப்படி ஒரு பிள்ளை தேறிவிட்டால் மாஸ்டர் உடனே அதன் போட்டோவை வாசல் போர்டில் ஒட்டி, கீழே தன் பெயரைப் போட்டுக்கொள்வார்.

வெளிநாட்டில் வாத்தியார்களுக்குத் தட்டுப்பாடு என்று எங்கேயோ கேள்விப்பட்டதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்ப்யூட்டரில் தட்டுவது குமாஸ்தா வேலை என்பதால் அவர் சொல்லச் சொல்ல மனைவிதான் விண்ணப்பங்களை அடித்து அனுப்பினாள். அவர் சொன்னது நாற்பது இடங்களுக்கு; அனுப்பியது நாற்பத்திரண்டு. அந்த நாட்டு மொழியை அவள் காய் நறுக்கும் நேரத்தில் செல்போனைப் பக்கத்தில் வைத்து இரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டருக்கு அந்தச் சிரமம் தேவைப்படவில்லை.

ஒருநாள் பதில் வந்தது. முதல் வரியில் 'மதிப்பிற்குரிய' என்று போட்டு, பக்கத்தில் அவர் பெயர். அந்த நாட்டு எழுத்தில் அவர் படிக்கக் கற்றிருந்தது அது ஒன்றைத்தான்.

"ஏங்க, அந்த லெட்டர்ல ஒரு விஷயம் இருக்கு. முழுசாப் படிக்கட்டுமா?" என்றாள் மனைவி.

"வேலை கொடுத்திருக்கானா இல்லையா?"

"கொடுத்திருக்காங்க. மெதுவாப் படிக்கிற பிள்ளைங்களுக்கான பள்ளிக்கூடம். ஆனா..."

"ஆனா ஆவன்னாவெல்லாம் அப்புறம். இன்டர்வியூகூட இல்லாம, என் பேரைப் பார்த்தே கொடுத்துட்டான் பாத்தியா."

அன்று சாயங்காலமே கடிதத்தை லேமினேஷன் பண்ணிவிட்டார். தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். அவள் அதற்குப் பிறகு இரண்டு தடவை அந்தப் பேச்சை எடுத்தாள். ஒரு தடவை குறுக்கே பேசாதே என்றார். இன்னொரு தடவை தூங்கிவிட்டார். அவளும் மனுஷிதானே. எத்தனை தடவைதான் எடுப்பாள்?

விண்ணப்பங்கள் போடுவதற்கு முன்னாலேயே பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்தபோது, படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது அதெல்லாம் என்று அவள் பேனாவை வைத்துவிட்டாள். மாஸ்டர்தான் அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதச் சொன்னார். எந்த நாட்டுக்குப் போனாலும் அவள் பெயருக்குப் பின்னால் தன் பெயர் வரவேண்டும், அதுதான் குடும்பப் பெண்ணுக்கு அழகு என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தார்.

வேலை, விசா, டிக்கெட் எல்லாம் அவள் பொறுப்பு. மாஸ்டர் மிச்சமிருந்த பெரிய காரியத்தை எடுத்துக்கொண்டார். அந்த நாட்டு விமான நிலையத்தில் அதிகாரி என்னென்ன கேட்பான் என்று யோசித்து, நாற்பது கேள்விக்கு நாற்பது மாதிரி விடை எழுதினார். மனைவி அவற்றை அந்த ஊர் மொழியில் மாற்றி, தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். எழுதும்போதே ஒரு வார்த்தை சொன்னாள்.

"இதெல்லாம் நீங்க பேசுற மாதிரி இருக்கு. அம்மா எப்படி 'என் மனைவி'ன்னு சொல்வாங்க?"

"மாதிரி விடையை மாத்தினா மார்க் போயிடும். நாப்பதையும் அப்படியே ஒப்பிக்கச் சொல்லு."

ஒப்பிக்கும் முறையும் சுலபமாக வைத்திருந்தார். அதிகாரி முதலில் என்ன கேட்டாலும் ஒன்றாவது விடை. அடுத்தது என்ன கேட்டாலும் இரண்டாவது. கேள்வித்தாளில் கேள்விகள் வரிசையாகத்தானே வரும்? யூனிஃபார்ம் போட்டவர் வாயைத் திறந்ததும் ஆரம்பித்துவிட வேண்டியதுதான். மூன்று மாதத்தில் மாமியார் முப்பத்தாறு வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னார். மனைவி நாலு விடைக்கு மேல் படிக்கவில்லை. இந்த வீட்டில் பெயிலாகப் போவது இவள் ஒருத்திதான் என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டைக் காலி செய்தாயிற்று. பாத்திரம் பண்டத்தை ஆளுக்கொன்றாகக் கொடுத்தாயிற்று. சென்டர் போர்டையும் கழற்றியாயிற்று. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் போய் நிற்கவேண்டும். அந்த நாட்டுக்குள்ளேயே விடாமல் திருப்பி அனுப்பிவிட்டால், ஊரில் வந்து இறங்கி ஒரு பாய் விரிக்க இடம் கிடையாது. இதை நினைத்து மனைவிக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. மாஸ்டர் நன்றாகத் தூங்கினார். கைடு போட்டாயிற்றே.

புறப்படுகிற விமான நிலையத்திலேயே முதல் கோளாறு. பைகளைச் சோதிக்கும் இடத்தில் சீருடை போட்ட பெண் ஒருத்தி மாமியாரிடம், "பையில கூர்மையா ஏதாவது இருக்காம்மா?" என்று நம் பாஷையில்தான் கேட்டாள்.

மாமியார் யூனிஃபார்மைப் பார்த்தார். கண்ணை மூடினார். அந்நிய மொழியில் ஒன்றாவது விடையை ஆரம்பித்தார். அந்தப் பெண் திரும்பக் கேட்டாள், இரண்டாவது வந்தது. அவள் இன்னொருவரைக் கூப்பிட்டாள். அவரும் யூனிஃபார்ம், மூன்றாவது வந்தது. ஆறாவது விடைக்குள் நாலு பேர் சுற்றி நின்றுகொண்டார்கள். பையைத் திறந்து கொட்டச் சொன்னார்கள்.

உள்ளே கைடு. கைடின் முதுகில், தைத்த மிச்ச நூலோடு, விரல் நீளக் கோணி ஊசி. வழியில் தையல் விட்டால் உதவும் என்று மாஸ்டரே செருகி வைத்தது.

"இது என்ன சார்?"

"கல்வி உபகரணம்," என்றார் மாஸ்டர்.

ஊசி நூலில் முடிச்சு விழுந்து சிக்கியிருந்தது. அவர்கள் நூலைக் கத்தரித்து ஊசியைத் தொட்டியில் போட்டார்கள். தாள்களை ஒரு தட்டில் வைத்து நகர்த்தினார்கள். அந்தப் பக்கம் ஆள் உயர ஃபேன் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. அப்புறம் என்ன? மாஸ்டரின் நாற்பது விடைகளும் ஊராருடைய செருப்புகளுக்கும் பெல்ட்டுகளுக்கும் நடுவில் பறந்தன. மாஸ்டர் மண்டி போட்டுப் பொறுக்கினார். மாமியார் அந்த நேரத்திலும் ஏழாவது விடையைச் சொல்லிக்கொண்டிருந்தார், பாவம். நிறுத்தத்தான் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே.

தாள் எல்லாம் கிடைத்துவிட்டது. வரிசைதான் போய்விட்டது. விடைகளுக்கு நம்பர் போடாமல் தைப்பது மாஸ்டரின் தொழில் ரகசியம்; போட்டி டியூஷன்காரன் திருடினாலும் எந்தக் கேள்விக்கு எந்த விடை என்று தெரியாமல் முழிக்க வேண்டும் என்பதற்காக. இப்போது முழித்தது யார் என்று நான் சொல்லவேண்டாம்.

விமானம் மேலே ஏறியதும் மனைவி கையை நீட்டினாள். "கொடுங்க, நான் அடுக்கித் தர்றேன். எனக்கு எது எதுன்னு தெரியும்."

"உன்னைத் தைக்கச் சொன்னேன். அடுக்கச் சொன்னேனா?"

அத்தையின் வாயில் பழைய வரிசை அப்படியே இருப்பதும் அவருக்குத் தோன்றவில்லை. அவரே அடுக்கினார். அதில் இருப்பதில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியாது. ஆனால் எந்தக் கேள்வி முதலில் வரும் என்று ஊகிப்பதில் இருபத்தெட்டு வருஷ அனுபவம் இருக்கிறதே. தாளின் நீளத்தைப் பார்த்து, மடிப்பைப் பார்த்து, ஏதோ ஜோசியம் பார்க்கிற மாதிரி நாற்பதையும் வரிசைப்படுத்தி நம்பர் போட்டார். பிறகு ஒன்பது மணி நேரம், மாமியாரைத் தூங்க விடாமல் புது வரிசையை உருப்போட வைத்தார்.

"மாப்பிள்ளை, பழசும் போகமாட்டேங்குது, புதுசும் ஏறமாட்டேங்குது. ரெண்டும் நடுவுல நின்னு சண்டை போடுது."

"எழுதிப் பாருங்க அத்தை, ஏறும்."

விமானத்தில் பணி செய்கிற பெண் வந்து ஏதோ கேட்டாள். அவளும் யூனிஃபார்ம்தான். மாமியார் வாயைத் திறப்பதற்குள் மனைவி அந்தப் பெண்ணோடு நாலு வார்த்தை பேசினாள். கொஞ்ச நேரத்தில் வெந்நீரும் ஒரு போர்வையும் வந்தன. மாஸ்டர் மனைவியின் பக்கம் குனிந்து, பாடத்தில் இல்லாததைப் பேசாதே, இறங்கின இடத்தில் இப்படி உளறி வைத்தால் மூன்று பேரையும் திருப்பி அனுப்பிவிடுவான் என்றார். அவள் போர்வையை அம்மாவின் கால் மேல் போர்த்தினாள்.

இறங்கியபோது மாமியாருக்குக் கால் வீங்கியிருந்தது. அதனால் ஒரு சக்கர நாற்காலி வந்தது. அதைத் தள்ள நீலச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். நரைத்த மீசை, சாந்தமான முகம்.

"வாங்கம்மா, பார்த்து உட்காருங்க," என்றார் தமிழில். பிறகு மாஸ்டரிடம், "ஐயா, கவுண்டர்ல பேச ஏதாவது உதவி வேணும்னா நான் சொல்றேங்க. பதினாறு வருஷமா இங்கதான் இருக்கேன்," என்றார்.

மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நாற்காலி தள்றதுதானே உங்க வேலை? அதைப் பாருங்க. காப்பியடிச்சு பாஸ் பண்ற குடும்பம் இல்ல இது."

"சரிங்க," என்றார் நீலச் சட்டைக்காரர். தள்ளினார்.

கவுண்டரில் கண்ணாடி போட்ட ஓர் இளைஞர். மூன்று பாஸ்போர்ட்டையும் வாங்கிப் புரட்டினார். மாஸ்டரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மாஸ்டர் மனைவியை ஒரு கையால் பின்னுக்குத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். அதிகாரி கொஞ்சம் யோசித்தார். மறுபடி அதே பெயரைச் சொன்னார். மாஸ்டர் நெஞ்சில் கை வைத்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

எங்கே தங்கப் போகிறீர்கள் என்பது முதல் கேள்வி. மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு புது வரிசையின் முதல் விடையைச் சொன்னார்: 'எனக்குத் தொற்றுநோய் எதுவும் இல்லை. ஒரு பல் மட்டும் ஆடுகிறது.'

எத்தனை நாள் என்றார் அதிகாரி. 'என் மனைவி சாதுவானவர். அவரைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.'

அதிகாரி கவலையோடு மனைவியைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள். மாஸ்டர் கையால் மறைத்துக்கொண்டு மூன்றாவதைச் சொன்னார். இதற்கு மேல் இவரிடம் பேசிப் பயனில்லை என்று அதிகாரி நாற்காலியில் இருந்த பெரியம்மாவின் பக்கம் குனிந்து, இவர்கள் உங்களுக்கு என்ன உறவு என்று மெதுவாக, அன்பாகக் கேட்டார்.

மாமியார் கண்ணை மூடினார். பழசும் புதுசும் சண்டை போட்டதில் எதுவோ ஒன்று ஜெயித்தது. 'புகைப்படத்தில் காணப்படும் மீசை என்னுடையதே. இருபத்தெட்டு ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன்.'

அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பெரியம்மாவைப் பார்த்தார். இன்னொரு தடவை கேட்டார்.

'என் மாமியார் வயதானவர். அவர் ஏதாவது உளறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.'

நாற்காலிக்குப் பின்னால் நின்ற நீலச் சட்டைக்காரர் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். மாஸ்டருக்கோ பெருமை தாங்கவில்லை. "அத்தை, பிரமாதம். ஒரு எழுத்து தப்பல," என்று காதோடு சொன்னார்.

அந்தப் பாராட்டு முடிவதற்குள் இரண்டு காவலர்கள் வந்தார்கள். கூட்டத்தை விட்டு அவர்களைத் தனியாக ஓர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வெள்ளைச் சுவர், ஒரு மேசை, நாலு நாற்காலி, சுவரில் கடிகாரம். பத்து மணி. இரண்டு மணிக்குத் திரும்பிப் போகிற விமானம் ஒன்று இருக்கிறதாம். பேச்சுச் சரிப்படாவிட்டால் அதில் ஏற்றிவிடுவார்களாம். நீலச் சட்டைக்காரர்தான் விசாரித்துச் சொன்னார். மறுபடியும் கேட்டார், நான் வேண்டுமானால் ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்று.

"பரீட்சை ஹால்ல பக்கத்துல இருக்கிறவன் பேசினா பேப்பரைப் பிடுங்கிடுவான். தெரியுமா உங்களுக்கு?" என்றார் மாஸ்டர்.

மனைவி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் வெளுத்துவிட்டது. "நான் பேசுறேங்க. ஒரே ஒரு தடவை," என்றாள்.

"நாலு விடை படிச்சவ நீ. நாப்பதும் படிச்சவன் நான். சும்மா இரு."

மேலதிகாரி வந்தார். முடியைக் குட்டையாக வெட்டிய, வயதான பெண்மணி. ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மாஸ்டரின் பெயரைச் சொன்னார். சொன்னபோது அவர் கண் வேறெங்கோ இருந்தது. மாஸ்டர் எழுந்தார். அந்தம்மா தலையை அசைத்து, உட்காரச் சொல்லிவிட்டு, மறுபடி அதே பெயரைச் சொன்னார். மாஸ்டர் மறுபடி எழுந்தார். இந்தப் பக்கம் பெயர், அந்தப் பக்கம் எழுந்திருப்பது என்று நாலு தடவை நடந்தது. பெயர் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று மாஸ்டர் லேமினேஷன் செய்த கடிதத்தை எடுத்து மேசையில் வைத்து, தன் பெயரின் மேல் விரலால் தட்டிக் காட்டினார்.

பிறகு விட்ட இடத்திலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தார். அந்தம்மா கையைத் தூக்கினார். மாஸ்டர் அதை அடுத்த கேள்வி என்று எடுத்துக்கொண்டார். அந்தம்மா பெருமூச்சு விட்டார், அதற்கும் மாஸ்டர் ஒரு விடை சொன்னார். அந்தம்மா தண்ணீர் குடித்தார், அதற்கும் ஒன்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவர் சுரைக்காயை அறைக்குள்ளே குவித்துக்கொண்டே இருந்தார். பதினொன்றரை மணிக்கு நாற்பதாவது விடை முடிந்தது.

நாற்பத்தொன்று கிடையாது. மாஸ்டர் வாய் திறந்தபடி நின்றார்.

அப்போதுதான் மனைவி எழுந்தாள். அந்த நாட்டு மொழியில், நிதானமாக, ஒரு வாக்கியம் சொன்னாள். மேலதிகாரி நிமிர்ந்தார். கடிதத்தை இழுத்து மூன்று வரி படித்தார். கோப்பைப் பார்த்தார். ஏதோ கேட்டார். அவள் சொன்னாள். பேச்சு பேச்சாகப் போயிற்று. நடுவில் அவள் மேசை மேல் விரலால் ஏழு புள்ளி வைத்து, இரண்டிரண்டாகப் பிரித்து, மிச்சம் ஒன்றைத் தனியே நகர்த்திக் காட்டினாள், ஸ்டோர் ரூம் பிள்ளைகளுக்குக் காட்டுகிற மாதிரியே. மேலதிகாரி முதல்முறையாகச் சிரித்தார். முத்திரைக் கட்டையை எடுத்து அவள் பாஸ்போர்ட்டில் ஒரு குத்து குத்தினார். மற்ற இரண்டு பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு, மாஸ்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவளிடம் இன்னொரு கேள்வி கேட்டார்.

அவள் யோசித்தாள்.

மாஸ்டர், காப்பியடிக்காத குடும்பம் என்பதெல்லாம் மறந்து, நீலச் சட்டைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன கேக்குறாங்க? இது எத்தனாவது கேள்வி?"

"உங்க நாப்பதுல இது இல்லீங்க ஐயா," என்றார் அவர். "அவங்க காலையிலேர்ந்து கூப்பிடுறது உங்களை இல்ல, உங்க பேரைப் பின்னாடி வச்சிருக்கிற டீச்சரம்மாவை. வேலை அவங்களுக்குத்தான். கூட வந்த ரெண்டு பேரும் உள்ள வரணுமா, இல்ல பெரியம்மா மட்டும் போதுமான்னு அவங்ககிட்ட கேக்குறாங்க."

சரி, என் கண்ணுகளா, நேரமாகிறது, எழுந்திருங்கள். உங்கள் வீட்டு வாசலுக்கு நல்ல கடிதமாகவே வரட்டும். யாருக்கு வந்ததோ அவர்கள் கையே அதைப் பிரிக்கட்டும். உங்கள் வீட்டில் வாய் திறந்தவருடைய பேச்சுக்கு ஒரு காதாவது திறந்திருக்கட்டும். குடும்பத்தோடு நன்றாக இருங்கள்.